தட்டாத கட்டை

மழை ஓய்ந்தும் விடைபெறாத பருவம் அது. மேகங்கள் மலைத்தோளில் தலைசாய்த்துக் கிடந்தன. இலையுதிர்த்த மரங்கள் நோன்பிருப்போர்போல் வாய்மூடி நின்றன. பகலே ஒரு நீண்ட பெருமூச்சாய்க் கழிந்தது. காட்டிலிருந்து கண்ணாடிப் பட்டறைக்கு வந்திறங்கிய விறகு ஈரம் சொட்டிற்று. குளிருக்கு அஞ்சிய உயிர்கள் அதன் பொந்துகளில் உறங்கின.

ஆதலால் உலைக்காரருக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கட்டையையும் தரையில் மும்முறை தட்டிய பின்பே உலையில் இடுவார். உள்ளே உறங்குவது விழித்து வெளியேறும்: பல்லி வடிவம், ஈரக் கருந்தோல், அதில் மஞ்சள் புள்ளிகள். படித்தவர்கள் அதைச் சாலமண்டர் என்பார்கள். பட்டறையில் அதற்கு நெருப்புப்பல்லி என்று பெயர். தீயில் பிறந்து, தோலில் கசியும் பாலால் தீயையே அணைக்கும் என்பது பழங்கதை.

அன்று காலை ஒரு கட்டையைத் தட்ட மறந்தார். சற்று நேரத்தில், கொழுந்துவிட்ட உலைவாயிலிருந்து அந்தப் பிராணி தோலெல்லாம் பால் கசிய நடந்து வந்தது.

"மச்சான்! நெருப்புக்குள்ளேருந்து உசிரோட வருதே!" என்று கூவினார் அவருடைய தங்கை கணவர். குழல் ஊதிக் கண்ணாடிக்கு உருவம் தருபவர்.

தன் பிழையைச் சொல்ல உலைக்காரருக்கு நா எழவில்லை. "பெரியவங்க பொய்யா சொல்வாங்க, மாப்பிள்ளை?" என்று சிரித்து மழுப்பி, அதை ஈர வாளியில் விட்டார்.

உச்சிவேளையில் அவர் திரும்பிப் பார்த்தபோது, மாப்பிள்ளை அதன் பாலை வலக்கை முழுதும் பூசிக்கொண்டு உலைவாயில் நின்றார்.

"இருபது வருஷமா இந்தக் கை வெந்துக்கிட்டே இருக்கு. இனிமே வேகாது பாருங்க."

"வேண்டாம்! அது கட்டைக்குள்ள தூங்கிட்டிருந்தது. நான்தான் தட்ட மறந்துட்டேன்!"

"இப்போ கதை கட்டுறீங்களா? வேகாத கைன்னு நான் பேர் வாங்கிட்டா உங்களுக்கு வயிறு எரியுதாக்கும்!"

உலைக்காரர் பாய்ந்து தோளைப் பற்றினார். மாப்பிள்ளை முகத்தில் விட்ட குத்தில் உலைக்காரரின் முன்பல் ஒன்று தெறித்தது, வாயெல்லாம் குருதி. இருவரும் உடைந்த கண்ணாடிமேல் புரண்டனர். முதுகு கிழிந்தது, முழங்கால் கிழிந்தது. வயிற்றில் ஓர் உதை விட்டு மாப்பிள்ளை எழுந்தார். வெறிகொண்டு கையை உலைக்குள் நீட்டினார். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது.

உலை கிளறும் இரும்புக்கோல் உலைக்காரரின் கைக்கு எட்டியது. முறிந்த எலும்பு கூடும், வெந்த விரல் மீளாது. அந்த நினைவு ஒன்றே இருந்தது. ஓங்கி மாப்பிள்ளையின் முன்கையில் இறக்கினார். எலும்பு நொறுங்கும் ஓசை தீயின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

மாலையில், மரப்பட்டை வைத்துக் கட்டிய கையோடு மாப்பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தார். விரல் நுனிகளில் கொப்புளம் மட்டுமே.

"என் கையும் போச்சு, உங்க பல்லும் போச்சு. உங்க தங்கச்சி மிச்சத்தையும் உடைக்கப் போறா," என்றார்.

"தப்பு என்னோடதுன்னு நானே அவகிட்ட சொல்றேன், மாப்பிள்ளை."

உலைக்காரர் வாளியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், பிராணியைப் பாசிமேல் இறக்கினார். உள்ளங்கையில் நீர் ஏந்தி அதன்மேல் துளித்துளியாய் வார்த்தார். பின்பு மண்டியிட்டு, ஈர மண்ணில் நெற்றி பதித்து, நெடுநேரம் கிடந்தார்.

"உறங்குற உசிரெல்லாம் நேரத்துல விழிக்கட்டும். நெருப்போட உழைக்கிற கையெல்லாம் குளுந்திருக்கட்டும்."