கால் சுற்று

ரேடியோ மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே மொட்டைமாடிதான். ஊரின் மறுகோடிக்குக் குடிபோய்விட்ட மைத்துனரோடு வயர்லெஸ் பெட்டியில் வம்பளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஏரியலுக்காக ஆள் உயரத்துக்குச் சதுரமாகக் கம்பியை வளைத்து, கழியில் நிறுத்தி, அடிக்கம்பியின் நடுவில் கேபிளைச் சேர்த்திருந்தார். ஆனால் மைத்துனரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்டது.

"மாப்ளே, உன் பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்குடா!"

"உங்க காதைக் கழுவிட்டு வாங்க மாமா!"

சதுரத்தை எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த வாரம் மாடிக்கு வெள்ளையடித்தார்கள். அவர் கடையில் இருந்தபோது, நர்ஸான அவர் மனைவி சதுரத்தைக் கழற்றி, மறுபடி மாட்டினாள். கீழே தொங்கிய கேபிள் தன் வெள்ளைச் சீருடைகளில் கறை படுத்துகிறது என்று வெகுநாள் கோபம் அவளுக்கு. அதனால் சதுரத்தைக் கால் சுற்றுத் திருப்பி, கேபிள் பக்கவாட்டில் ஒதுங்கும்படி கட்டிவிட்டாள்.

ஞாயிறன்று பெட்டியைப் போட்டதும் மைத்துனர் பக்கத்தில் நின்று கத்துவது போல இருந்தது. மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். விஷயம் புரிந்தது. கேபிளை அடியில் சேர்த்தால் அலை படுத்தபடி போகும். பக்கவாட்டில் சேர்த்தால் நின்றபடி போகும். மைத்துனரின் ஏரியலோ நேராக நிற்கும் ஒற்றைக் குழாய். இத்தனை நாள் இவர் படுத்துக்கொண்டு பேச, அவர் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்!

"என்ன மாமா செஞ்சீங்க?"

"எல்லாம் மூளைடா!" என்று கூசாமல் சொன்னார். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தும் அடுத்த சீருடையை உதறிக் கொடியில் போட்டாள்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது இருப்பது அடுக்குமாடி வீடு, மாடிக்குப் பூட்டு. கைப்பேசியில் மைத்துனரின் குரல் துல்லியமாகக் கேட்கிறது, பேசத்தான் விஷயம் குறைந்துவிட்டது. அந்த நாட்களை நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மெக்கானிக்கே போன் போட்டு, அன்று சதுரத்தைத் திருப்பியது தன் மனைவிதான் என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

மைத்துனர் சிரித்தார். "அக்கா அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டாங்க மாமா. 'மனுஷன் சந்தோஷமா இருக்கார், நீ கெடுத்துடாதே'ன்னாங்க."

மெக்கானிக் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். எதிரே அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, தம்பியா? குடுங்க," என்று கையை நீட்டினாள்.

போனைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.