கெட்டிலின் அழுக்கு

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாலை நேர ஓவிய வகுப்பில் சேர நாளைக் காலைக்குள் ஒரு படம் கொடுத்தாக வேண்டும். வீட்டில் புழங்கும் பொருட்களை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். இதை விட்டால் அடுத்த வருஷம்தான். தையல் கடையில் அரைநாள் விடுப்புக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தாள்.

சமையலறை மேசையில் அவள் வரைய வைத்திருந்த பாதி எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. கசங்கிய துண்டும் அதே கசங்கலோடு கிடந்தது. கெட்டில் மட்டும் பளபளவென்று யாரோ போல உட்கார்ந்திருந்தது.

நான்கு நாளாக அவள் உயிரைக் கொடுத்து வரைந்தது அந்தக் கெட்டிலின் அழுக்கைத்தான். அடியில் ஏறிய கரியும் மூக்கோரம் வழிந்து காய்ந்த பழுப்புக் கோடும் இப்போது தாளில் மட்டும்தான் இருந்தன.

கணவர் தொட்டியருகே ஈரக் கையோடு நின்றார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது, ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டார். எதையும் நகர்த்தக் கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இம்மியும் நகர்த்தவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கெட்டிலைச் சுற்றிப் பென்சிலால் அடையாளம் போட்டு, தேய்த்து, அதே இடத்தில் வைத்தாராம். அழுக்குக் கெட்டிலைப் படத்தில் பார்த்து நாலு பேர் சிரித்தால் அவளுக்குத்தானே அவமானமாம்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?" அவளுக்கு அழுகை முட்டியது. "பார்த்துப் பார்த்து வரைஞ்சேனே."

"தெரியும். நாலு நாளா அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கே." துண்டில் கை துடைக்கப் போனவர், அது படத்துத் துண்டு என்பது நினைவு வந்து சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "என்னை எப்ப அப்படிப் பார்த்தே?"

கேலியா, மனத்தாங்கலா, தெரியவில்லை. அந்தக் கறையை அவள் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். இவர் புருவத்துத் தழும்பு இடமா, வலமா? பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போயிற்று.

தேய்த்த கெட்டிலின் வயிற்றில் அவர் முழுசாகத் தெரிந்தார். உள்ளது உள்ளபடி என்றால் இனி இவரையும் வரைந்தாக வேண்டும். விடிவதற்குள் முடியுமா என்பது சந்தேகம்தான். புதுத் தாளை எடுத்தாள்.

"அங்கேயே நில்லுங்க. அசையாதீங்க."

நின்றார். பிம்பத்தில் இடம் வலமாகிவிடும் என்பதால் அவள் திரும்பி அவரையே பார்த்தாள். தழும்பு இடப்பக்கம் இருந்தது. அந்தப் புருவம் எப்போதோ நரைத்துவிட்டிருந்தது, அவளுக்குத் தெரியாமலே.