சின்னம் தைத்த கெயிட்டர்கள்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இத்தால் அறியத்தருவது: மொன்றியல் தமிழ் உயர்மலை மன்றம், வரவிருக்கும் பனிக்கால மலையேற்றத்துக்கான கெயிட்டரைத் தெரிவுசெய்யும் வரலாற்றுப் பணியைத் தொடங்கிவிட்டது. இதற்கென உயர்மட்டக் குழுவொன்று அமைக்கப்பட்டிருக்கிறது. குழு கூடும் இடம், அயல்நகரான லவாலில் தலைவர் பேரின்பநாதன் வீட்டு நிலவறை. சிற்றுண்டி வழங்கப்படும்.

கெயிட்டர் என்றால் என்னவென்று கேட்கும் பெருமக்களுக்கு: சப்பாத்தின் மேல்விளிம்பிலிருந்து முழங்கால்வரை காலைச் சுற்றிக் கட்டுகிற, நீர் புகாத உறை. பனியும் ஈரமும் சப்பாத்துக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. வேறு வேலை அதற்கு இல்லை. பேரின்பநாதன் அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்.

பேரின்பநாதன் வீடு விற்கும் முகவர். பஸ் தரிப்பிட வாங்குகளில் ஒட்டிய விளம்பரத்தில், அவருடைய சிரிப்பின்மேல்தான் லவால் மக்கள் உட்காருகிறார்கள். மலையேற்றத்தில் அடிவாரத்தில் ஒருமுறை உரையாற்றுவார், உச்சியில் ஒருமுறை உரையாற்றுவார். இடையில் மூச்சு வாங்குவதால் பேசமாட்டார். மன்றத்து உறுப்பினர்கள் மலை ஏறுவதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற பெப்ரவரியில் லோரன்சியன் மலையொன்றுக்குப் போனபோது, மன்றம் எல்லோருக்கும் செம்மஞ்சள் நிறக் கெயிட்டர் கொடுத்தது. நல்ல கெயிட்டர்தான். ஆனால் வெறும் செம்மஞ்சள் தலைவருக்குப் போதவில்லை. இரண்டு கால்களின் முன்பக்கத்திலும் மன்றத்தின் சின்னத்தைத் தைப்பித்தார்: ஒரு யாழ், யாழுக்குப் பின்னால் பனிமலை, மலையைச் சுற்றி மன்றத்தின் பெயர் மூன்று மொழிகளில், கியூபெக் மாகாணச் சட்டப்படி பிரெஞ்சு மட்டும் பெரிய எழுத்தில். உள்ளங்கையைவிடப் பெரிய சின்னம். படத்தில் நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பயணத்தில் சிவநேசம் இறந்துபோனார்.

துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிய மனிதர். பின்தங்குகிறவர்களை விட்டுவிடக்கூடாது என்று எப்போதும் கடைசி ஆளாக நடப்பார். அன்று இறங்கும்போதும் அப்படியே. பனிக்கு அடியில் ஓடிய ஓடையில் அவருடைய கால்கள் புதைந்திருக்கின்றன. கார்த் தரிப்பிடத்தில் கோப்பி குடிக்கும்போதுதான் ஆள் இல்லையென்று கண்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு தேவதாருவில் சாய்ந்தபடி குளிரில் விறைத்துப்போய் இருந்தார். கெயிட்டர்கள் இரண்டும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி பிரிந்து திறந்து கிடந்தன.

திறந்து கிடந்தன என்பதை வைத்துப் பேரின்பநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு மன்றத்தின் எல்லாக் கூட்டமும் ஒரு நிமிட மௌனத்தோடும், மௌனம் முடிந்ததும் தலைவரின் ஒரே வசனத்தோடும் தொடங்கியது: "அமரர் சிவநேசத்தின்ரை கவனக்குறைவு எங்கள் எல்லாருக்கும் ஒரு பாடம்."

அந்த வசனம் கோயிலுக்குப் போனது, கலியாண வீடுகளுக்குப் போனது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கும் சிவநேசத்தின் மகள் துஷாந்தினியிடம், "அப்பாவுக்கு அதைக் கட்டத் தெரியாதோ பிள்ளை?" என்று கேட்கும்வரைக்கும் போனது. சிவநேசத்தின் மனைவி குணேஸ்வரி, மன்றச் செயலாளர் ரதீசனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, எனக்கு நினைவுமலர் வேண்டாம், படம் வேண்டாம். அந்த ஒரு சொல்லை மட்டும் விடச் சொல்லுங்கோ. அவர் கவனமில்லாத ஆள் இல்லை."

"நான் அண்ணையோட கதைக்கிறன் அக்கா," என்றார் ரதீசன்.

கதைத்தார். தலைவர் ஆழ்ந்து யோசித்து, 'சிவநேசம் நினைவுக் கெயிட்டர்' என்ற பெயரில் புதிய கெயிட்டரை வெளியிடுவது என்றும், முதல் சோடியைக் குணேஸ்வரி கையால் வழங்குவது என்றும் அறிவித்தார். வசனத்தை விடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாடம் இல்லாமல் நினைவு எதற்கு என்பது அவருடைய கருத்து.

குழுவின் முதற்கூட்டம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வாசலில் சப்பாத்துகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினார்கள். மௌனம், வசனம், அதன்பின் சிற்றுண்டியாக ரோல்ஸ். பிறகு தொழில்நுட்ப ஆலோசகர் பேராசிரியர் மணிவாசகம் எழுந்தார். சென்னையில் பிறந்து, இங்கே பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஓய்வு கற்பித்தலிலிருந்து மட்டுந்தான்.

"பேரின்பநாதன் சார், இந்தத் துணி மூணு அடுக்கு. நடு அடுக்குல கண்ணுக்கே தெரியாத ஓட்டைங்க. வேர்வை ஆவியா வெளிய போயிடும், தண்ணி சொட்டு உள்ள வரவே முடியாது. தையல் போற எடத்துல எல்லாம் உள்பக்கமா நாடா ஒட்டியிருப்பான். ஏன்னா ஊசி போன ஒவ்வொரு எடமும் தண்ணிக்கு ஒரு வாசல்."

"அருமை புரபெசர்," என்றார் தலைவர். "சின்னம் இதிலை எந்த இடத்திலை வரும்?"

"முன்னாடி தாராளமா எடம் இருக்கு சார்."

ஊசியைப் பற்றிய வாக்கியமும் இந்த வாக்கியமும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

ஸிப் வைத்ததா, வெல்க்ரோ வைத்ததா என்பதில் விவாதம் சூடுபிடித்தது. ஸிப்பில் பனி உறைந்தால் திறக்க வராது, வெல்க்ரோ என்றால் கையுறையோடே திறக்கலாம் என்றார் ரதீசன். பாதத்தின் கீழே போகும் பட்டி றப்பரா, கம்பியா? பனியில் வழுக்காத ஆணி வைத்த சப்பாத்து கிழிக்காதபடி உட்கணுக்காலில் தடித்த துணி இருக்கிறதா? குழு இவை அனைத்தையும் ஆராய்ந்து, ரோல்ஸ் முடிந்ததும் முடிவை ஒத்திவைத்தது.

எல்லோரும் போனபின் தலைவரின் மனைவி வாசலைத் துடைக்க வந்தார். வரிசையின் கடைசியில், படியோடு ஒட்டிய இடத்தில், தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே யாரும் சப்பாத்து வைக்கவில்லை. வெளியே இன்னும் பனியே விழவில்லை.

"ஆரப்பா இதிலை ஈரச் சப்பாத்து வச்சது?" என்று சத்தம் போட்டார்.

பேரின்பநாதன் வந்து பார்த்தார். முன்பெல்லாம் அந்த இடத்தில் சப்பாத்து வைக்கிற ஆள் ஒருவர் இருந்தார். எங்கும் கடைசியாக வருகிறவருக்குக் கடைசி இடந்தானே கிடைக்கும்.

"கூரை ஒழுகுது," என்றார்.

கூரைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு மாடி இருந்தது. வீடு விற்கிறவர் சொல்கிறார் என்று மனைவி நம்பினார்.

இரண்டாவது கூட்டத்தில் மௌனம் முடிந்து, தலைவர் "கவனக்குறைவு" என்று வாயெடுத்தபோது மேலே வாசற்பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

சர்ர்ர்.

வெல்க்ரோவைப் பிரிக்கிற சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து மற்றக் காலுக்கு இன்னொன்று.

"ஆரும் பிந்தி வந்திட்டினம் போலை," என்றார் தலைவர், குரலைச் செருமிக்கொண்டு. "ரதீசன், போய்ப் பாரும்."

ரதீசன் போனார். கதவு பூட்டியபடியே இருந்தது. கடைசி இடத்தில் தண்ணீர். இந்தமுறை அது சும்மா பரவிக் கிடக்கவில்லை. வளைந்த தண்டும், அதற்கு நடுவே நேர்நேராக ஓடிய கோடுகளுமாய்க் கிடந்தது. அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் தண்ணீராயின. குனிந்து விரலால் தொட்டார். விரல் மரத்துப்போனது.

கீழே வந்து, "ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றார்.

"அப்ப தொடருவம்."

தொடர்ந்தார்கள். ஆனால் மேலே படிக்கட்டு கிறீச்சிடுகிற ஒவ்வொரு சிறு சத்தத்துக்கும் பேராசிரியரின் உரை நின்று நின்று போயிற்று. மொன்றியலில் தமிழ்ச் சங்கங்கள் தோன்றிய நாளிலிருந்து ஒரு கூட்டம் சொன்ன நேரத்துக்கு முடிந்தது அன்றுதான். வெளியேறும்போது எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைக் காலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள். குளிர்காலத்தில் காலுறையோடு ஓடுகிற மலையேறிகளை எதிர்வீட்டு அல்பேட் கிழவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் அந்த இடத்தில் புதிய றப்பர் விரிப்பு ஒன்று போட்டார். மறுநாள் விரிப்பின் அடியில் தண்ணீர் இருந்தது. காத்துக் கறுப்பு அண்டாதிருக்கத் தேசிக்காய் வெட்டி வைத்தார். பிறகு, மன்றத்தின் அறிவியல் நோக்குக்கு அது பொருந்தாது என்று, யாரும் பார்க்காத சாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

மூன்றாவது கூட்டத்துக்குக் குணேஸ்வரி அழைக்கப்பட்டிருந்தார். மெற்றோவில் மொன்மொரென்சி நிலையம்வரை வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து வந்தார். கையில் ஒரு துணிப் பை. சப்பாத்தைக் கழற்றியவர் கடைசி இடத்தைப் பார்த்தார். தன்னுடையதை அங்கே வைக்காமல் ஒரு சோடிக்கு இடம்விட்டு வைத்தார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மேசையில் தெரிவுசெய்யப்பட்ட கெயிட்டர் பட்டுத் துணியால் மூடப்பட்டிருந்தது. பேரின்பநாதன் எழுந்தார். மௌனம். பிறகு தொண்டையைச் சரிசெய்தார்.

"அமரர் சிவநேசத்தின்ரை..."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ," என்றார் குணேஸ்வரி. "எனக்கு ஒரு வாளியும் கொஞ்சத் தண்ணியும் வேணும்."

"தேத்தண்ணி வருகுது பிள்ளை," என்றார் தலைவர்.

"குடிக்க இல்லை."

ரதீசன் வாளியும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். குணேஸ்வரி பையிலிருந்து செம்மஞ்சள் கெயிட்டர் ஒன்றை எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலை தந்த பை. இவ்வளவு நாளும் திறக்க மனம் வரேல்லை. போன மாதந்தான் தோய்க்க எண்டு எடுத்தனான்."

அதைத் தட்டம்போல விரித்து, உட்புறம் மேலே தெரியும்படி இரண்டு கையாலும் வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நடுவே துணி சற்றுக் குழிந்தது.

"தம்பி, ஊத்துங்கோ."

ரதீசன் ஊற்றினார். செம்மஞ்சள் துணி அசையாமல் தண்ணீரைத் தாங்கியது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு, சின்னம் இருந்த இடத்தில், அடியில், ஈரம் அரும்பியது. யாழின் தண்டு முதலில் நனைந்தது. அதன்பின் நரம்புகள், மலை, மூன்று மொழியிலும் மன்றத்தின் பெயர். தையல் போன வழியெல்லாம் தண்ணீர் கோர்த்து, மணிமணியாய் நின்று, வாளிக்குள் விழத் தொடங்கியது.

மணிவாசகம் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி போன எடம்..." என்று தனக்குள்ளேயே சொன்னார்.

"ஓடைத் தண்ணி இதாலைதான் உள்ளை போயிருக்கு," என்றார் குணேஸ்வரி. "உள்ளை நிண்ட தண்ணியை வெளியிலை விடத்தான் அவர் திறந்திருக்கிறார். கட்டத் தெரியாமல் இல்லை."

பேரின்பநாதன் நெற்றியைத் துடைத்தார். "பிள்ளை, இது... தைச்ச ஆளின்ரை பிழை. சின்னத்திலை பிழையில்லை."

"பிழை ஆரின்ரை எண்டு நான் கேக்க வரேல்லை அண்ணை. அவரின்ரை பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"அதை நிர்வாகக் குழு கூடி..."

சர்ர்ர்.

மேலே, வாசலில். எல்லோரும் கீழேதான் இருந்தார்கள். தலைவரின் மனைவிகூடத் தேத்தண்ணித் தட்டத்தோடு படியின் அடியில் நின்றார்.

சர்ர்ர். மற்றக் கால்.

பின்னர் படிக்கட்டின் உச்சியில் ஓர் அடி விழுந்தது. ஈரமான, கனத்த, அவசரமில்லாத அடி. கடைசியாக வருகிறவருடைய நடை. அடுத்த படியில் இன்னொன்று. குளிர் அவர்கள் கணுக்காலைத் தொட்டது. குணேஸ்வரி மட்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, பிந்தி வருகிற புருஷனைப் பார்க்கிற பார்வையோடு நின்றார்.

"அண்ணை, சொல்லுங்கோ!" என்றார் ரதீசன்.

பேரின்பநாதனுக்கு ஒலிவாங்கி இல்லாமல் குரல் வருவது அரிது. வந்தது. "சிவநேசம் பிழை விடேல்லை."

அடி நின்றது.

"அவர் கவனமாத்தான் இருந்தவர்," என்றார் தலைவர், இன்னும் சின்னக் குரலில். "கவனமில்லாமல் இருந்தது நாங்கள்."

பிறகு மேலே கதவு திறந்து மூடியது. ஏறிப் பார்த்தபோது கடைசி இடம் காய்ந்திருந்தது. வெளியே படியில் அந்தக் குளிர்காலத்தின் முதற்பனி விழுந்து மூடியிருந்தது. அதில் சுவடு எதுவும் இல்லை. குணேஸ்வரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "வாறன் தம்பி," என்று ரதீசனிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த வசனம் பிறகு மன்றத்தில் ஒலிக்கவில்லை. கோயிலில் துஷாந்தினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைவர் கூட்டங்களில் மௌனத்துக்குப் பிறகும் கொஞ்சநேரம் மௌனமாகவே இருக்கப் பழகிக்கொண்டார்.

புதிய கெயிட்டர்கள் கிறிஸ்மஸுக்கு முன்பே வந்து சேர்ந்தன. சின்னம் தைத்துத்தான் வந்தன.