வர்துஷ் நேர்ந்துகொண்ட சேவல்

"சேவல்தான் அண்ணி, சத்தியமா சேவல்தான்—"

"சேவல் முட்டை போடுமாடி? நீயே சொல்லு, போடு—"

"விக்கிறவன் சேவல்னு சொல்லித்தான்—"

"அவன் ஆயிரம் சொல்லுவான். கொண்டையப் பாத்தியா, வாலப் பாத்தியா? கண்ணு எங்க போச்சு உனக்கு?"

மடத்து வாசலில் நின்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எண்ணூறு வருஷத்துக் கல்சுவர் இதைவிடப் பெரிய சண்டைகளைப் பார்த்திருக்கும். வர்துஷின் கூடையில் முட்டை இன்னும் சூடாக இருந்தது. போட்டவள் ஒன்றும் அறியாதவள் மாதிரி இறகு கோதிக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலையில் தலைநகர் யெரெவானில் வர்துஷின் கணவன் ஹ்ராச்சிக்குக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் நாத்தனார் அர்பெனிக்குக்கும் மட்டுமே தெரியும். அவனிடம் "சின்ன அடைப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கே சேவல் நேர்ந்துகொண்டாள். இன்றைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மடத்துப் பாதிரியார் எஸ்னிக் சாமி தாடியில் ரொட்டித் துகளோடு வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நேர்ச்சைக்கு ஆண்தாம்மா ஆகும்."

"அவிச்ச பிறகு யாருக்கு சாமி தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒரு சேவலுக்கு வழி சொல்லுங்க."

"கீழ ஊர்ல நேத்து கல்யாணம். கூவுனதெல்லாம் அண்டாவுக்குள்ள போயிருச்சு. உப்ப வேணா ஜெபிச்சுத் தரேன்."

உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வர்துஷ் விரல் மடக்கினாள். உப்பை நக்கக் கொடுக்கணும், கோயிலை மூணு சுத்து சுத்தணும், அறுக்கணும், ஏழு வீட்டுக்குப் பங்கு வைக்கணும். உப்பு இருக்கு. கோயில் இருக்கு. ஆண்...

காருக்குள் ஹ்ராச்சிக் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, வேணாம்," என்றாள் அர்பெனிக்.

"நீ ஒழுங்கா வாங்கியிருந்தா எனக்கு ஏன்டி இந்தப் பாடு?" வர்துஷ் கார்க் கதவைத் திறந்தாள். "எறங்குய்யா. நாக்க நீட்டு."

"உப்பே கூடாதுன்னாரே டாக்டர்?"

"இன்னைக்குக் கூடும்."

நீட்டினான். முகத்தைச் சுளித்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அம்மா, இது முறையில்ல!" சாமி பின்னாலேயே ஓடிவந்தார். "இது ஆடு கோழிக்கு!"

"ஆண்தான் ஆகும்னு யாரு சாமி சொன்னது?"

"எங்கண்ணன அறுக்கப் போறியா?" என்றாள் அர்பெனிக்.

"அந்த வேலைய நாளைக்கு டாக்டர் பாத்துக்குவாரு."

ஹ்ராச்சிக் விழுந்து விழுந்து சிரித்தான். முதல் சுற்றில், படம் எடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்து ஆட்டுக்கிடா மாதிரி கத்திக் காட்டினான். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது.

"மெதுவா வாய்யா."

"பங்கு வைக்கும்போது தொடைய அர்பெனிக்குக்குக் கொடுத்துராத. அவ ருசி அறியாதவ."

வர்துஷ் உதட்டுக்குள் ஜெபத்தை முணுமுணுத்தாள். மூன்றாவது சுற்றில் அவன் மணிக்கட்டில் அவள் பிடி இறுகிக்கொண்டே போனது. சின்ன அடைப்புக்கு யாரும் இப்படிப் பிடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வாசலுக்கு வந்ததும் நின்றான். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானை இல்லாத குறைக்குக் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"டாக்டர் உங்கிட்ட என்னதான் சொன்னாரு, வர்துஷ்?"