குன்வோர் அடைத்த தோட்டாக்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. எங்கள் வேட்டைக் குழுவின் கொட்டகையில் காப்பி ஊற்றிக்கொண்டே குன்வோர் சொன்னது. "எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா வயசுல பத்தைக் குறைச்சிடுங்க" என்றாள். ஆகவே இந்தக் கதையில் அவளுக்கு ஐம்பத்திரண்டு.

முதல் தொடக்கம்: ஸ்வீடனின் யேம்ட்லாந்துக் காடுகளின்மேல் செப்டம்பர் மூடுபனி மெல்ல...

(அடித்துவிட்டேன். மூடுபனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.)

இரண்டாவது: குன்வோரின் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காது.

இது போதும். அந்தப் பழைய குழல் அளவுத் துப்பாக்கி ஊரில் இருவரிடம்தான் இருக்கிறது: அவளிடமும், அவள் அக்காள் கணவர் ஏவால்டிடமும். பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டைச் செருகி, இருவருக்கும் அவளே அடைப்பாள்.

2

தோட்டா அடைப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம்.*

மூஸ்மான் வேட்டைக்கு முந்தின நாள் மதியம், அவள் நரி சுடும் தன் சிறு துப்பாக்கிக்குத் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தபோது ஏவால்ட் ஏலக்காய் ரொட்டியோடு வந்தார்.

"அத்தான், வேலை நடக்குது. பேசாதீங்க."

"நான் எங்க பேசுறேன்? ரொட்டிதான், ஆறிப்போறேன் ஆறிப்போறேன்னு கத்துது."

மேசையை ஒதுக்கி, காப்பி வைத்தாள். பிறகு ஏவால்டின் தோட்டாக்களை அடைத்துக் கொடுத்தாள். அவர் போன பின்புதான் பார்த்தாள்: மேசையில் இரண்டு டப்பாக்கள். இரண்டும் திறந்திருந்தன. நரித் துப்பாக்கியின் மருந்து சட்டென்று எரிவது. ஏவால்டின் கூடுகளில் அது போயிருந்தால், நாளை துப்பாக்கி அவர் முகத்திலேயே வெடிக்கும்.

எதை ஊற்றினாள்? அவளுக்கே நினைவில்லை.

* உப்பையும் சர்க்கரையையும் வைத்து என் சமையலறையில் முயன்றேன். நல்ல விதிதான்.

3

இங்கேதான் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கவனமில்லாதவர்களை ஆண்டுதோறும் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்கிறவள், தன் தவறை உடனே சொல்வாளா? "அவள் நெடுநேரம் தயங்கி..." என்று எழுதினேன். அவள் மறுத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் போன் செய்தாளாம். நம்புகிறேன். மனிதர்கள் பெரும்பாலும் என் முதல் வரைவைவிட நல்லவர்கள்.

"அத்தான், அந்தத் தோட்டாவைச் சுட்டுடாதீங்க. நான் மருந்தை மாத்திப் போட்டிருக்கலாம்."

"யாரு, நீயா? இரு, உங்க அக்காவும் கேக்கட்டும்."

"சிரிக்காதீங்க. உங்க மூஞ்சியே போயிடும்."

"போனா நல்லதுங்கிறா உங்க அக்கா." பிறகு, "இதோ, தோட்டாவோட வர்றேன். நீ அழாத" என்றார்.

"யாரு அழுதா?"

(அழுதாள். எழுத அனுமதி தந்திருக்கிறாள்.)

4

ஒரு தோட்டாவைப் பிரித்தால் தெரிந்துவிடும். துகள் நீளமாக இருந்தால் சரியான மருந்து. தட்டையாக இருந்தால் நரித் துப்பாக்கியுடையது.

முடிவு அ: நீளம். ஏவால்ட் ஆயுள் முழுக்கக் கேலி செய்வார்.

முடிவு ஆ: தட்டை. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். நாளைக்கு அவருக்குத் தோட்டா இல்லை.

ஆனால் பிரிக்கும் முன்பே குன்வோர், போன வாரம் தனக்காக அடைத்திருந்த பெட்டியை, வந்து உட்கார்ந்த ஏவால்டின் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கு நீங்க சுடுங்க. நான் நாயைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

"பாதி போதும். ஒரு மானுக்கு எத்தனை தோட்டா வேணும்?"

"மத்தவங்களுக்கு ஒண்ணு. உங்களுக்குப் பெட்டியே பத்தாது."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

கடவுள் அவளிடம் பார்க்க வேண்டியதை அந்தப் போன் பேச்சிலேயே பார்த்துவிட்டார் என்பது என் நம்பிக்கை. அதனால், எந்த மருந்து என்பது தெரிந்தும் நான் சொல்லப்போவதில்லை.

குன்வோர் அவர் கொண்டுவந்த தோட்டா ஒன்றின் குண்டைக் கழற்றினாள். வெள்ளைத் தாளில் மருந்து கொட்டியது. இருவரும் குனிந்தார்கள்.

நீங்களும் குனிந்து பாருங்கள்.