நாலு பத்துக்குப் பிறகு

இறந்துகிடந்த அப்பாவின் விரல்களுக்குள் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சகாய ஆனந்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்; அப்பாவின் கடிகாரத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு செய்தி. 'சின்னப்பராஜ், நேற்று நன்றாகத் தூங்கினீர்கள்!'

போனுக்கு இடம் பொருள் தெரியாது.

பதினேழு வருடங்களுக்கு முன் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நேரம் தவறி வெடித்த வெடி, அப்பாவின் பக்கத்தில் நின்றவரைக் கொண்டுபோனது, அப்பாவின் தூக்கத்தையும். படுத்தால் உதைப்பார். உறக்கத்திலேயே நெஞ்சு நூற்றிருபது அடிக்கும். அதைக் கணக்கெடுக்கத்தான் ஆனந்த், துடிப்பைத் தன் போனுக்கு அனுப்பும் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டான். பெரம்பலூரிலிருந்து தினமும் காலையில் போன் போடுவான்: "நேத்து எது வரைக்கும் ஓடுனீங்க?" அவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டம் சொல்லித்தரும் பி.டி. வாத்தியார், மாடி ஏறினால் அவனுக்கே நூற்றிருபது.

இரண்டு மாதமாகப் போனில் துடிப்புக் கோடு அறுபதில் சமர்த்தாகப் படுத்திருந்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான்.

காலையிலிருந்து ஒரே கேள்விதான் அவனை அரித்தது: கடைசியிலும் அந்த வெடிக்குப் பயந்து ஓடித்தான் போனாரா? போனில் நேற்றிரவின் கோட்டைத் தேடினான். அதிகாலை நாலு பத்து வரை அறுபத்திரண்டு. பிறகு நூற்றுமுப்பது. அதற்குப் பிறகும் கோடு ஓடியது. இந்த நிமிடம் வரை.

அப்பாவின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. தலைமாட்டில் இருந்த அம்மாவின் முந்தானையை விலக்கினான். கடிகாரம் அவள் கையில் மினுங்கியது.

"என்னம்மா இது?"

"நீ டெய்லி பதறுறது அவருக்குப் பொறுக்கலடா. 'புள்ளயாச்சும் தூங்கட்டும், நீ கட்டிக்க'ன்னு அவருதான் மாட்டி வுட்டாரு."

"வாத்தியாரையே ஏமாத்திட்டீங்க." சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது. "அவரு ஒதைக்கிறப்ப நீ எப்புடித் தூங்குன?"

"பழகிப்போச்சு. நேத்துதான் ஒதைக்கல. அதான் முழிச்சுக்கிட்டேன்."

"நாலு பத்துக்கு."

"மணி பாக்கல."

"எனக்கு ஆறு மணிக்குத்தானம்மா போன் பண்ணுன?"

அம்மா அப்பாவின் நெற்றியிலிருந்த ஈயை விரட்டினாள்.

"பயந்தாராம்மா?"

"தெரியலடா. தொட்டப்ப ஜில்லுன்னு இருந்தாரு. கால நீட்டிக்கிட்டு, அசையாம... அப்புடி அவரு படுத்து எத்தன வருஷம் ஆச்சு. செத்த நேரம் படுக்கட்டும்னு வுட்டுட்டேன்."

வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியது. தூக்கியவர்களின் கைநழுவி, மூடி தடாலென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டால் அவர் துள்ளி எழாமலிருக்க எப்போதும் செய்வதுபோல, இருவர் கைகளும் அப்பாவின் நெஞ்சை அழுத்தப் பாய்ந்தன.

கைகளை எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.