கழிக்கப்பட்ட செராயாக் கன்றுகள்

நாற்றங்காலுக்கு வந்த சுற்றறிக்கையில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. நடவுக்குச் செல்லும் ஒவ்வொரு கன்றும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும், குறைந்தவை கழிக்கப்படும். தண்டின் பருமனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இலையின் தடிப்பைப் பற்றி இல்லை. கன்று போய் நிற்கவேண்டிய மலை, நெருப்பில் எரிந்து மொட்டையாகி, உச்சிவெயிலில் வெந்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றியும் இல்லை. அதை எழுதியவர் அளவுகோலைப் பார்த்திருக்கிறார், வெயிலைப் பார்க்கவில்லை.

நாற்றங்காலில் கன்று வளர்க்கும் ஜோமிலின் அந்தத் தாளைப் படித்தாள், நான்காக மடித்தாள், நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்குக் கீழே வைத்தாள். மேசை ஆடுவது நின்றது.

செராயா ஆண்டுதோறும் காய்க்கும் மரம் அன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒன்றாகப் பூக்கும். இறகு முளைத்த விதைகள் சுழன்று சுழன்று உதிரும். அவ்விதையைச் சேமித்து வைக்க இயலாது. இரண்டு வாரத்துக்குள் மண்ணில் ஊன்றாவிட்டால் அழுகிவிடும். சென்ற காய்ப்பில் ஊரே திரண்டு பொறுக்கிய விதைகள்தாம் நான்கு பாத்திகளில் கன்றுகளாக நின்றன. இவை பட்டுப்போனால் மலையைப் புல்லும் கொடியும் மூடிவிடும். ஊர் குடிக்கும் ஓடை அடுத்த வறட்சியைத் தாங்காது.

மேற்பார்வையாளன் பியானுஸ், ஜோமிலினின் கணவனுக்குத் தம்பி. சுற்றறிக்கை வந்த அன்றே ஒரு மூங்கில் கோலை வெட்டி, நாற்பத்தைந்தில் சிவப்புக் கோடு இட்டான். பிறகு மூன்று பாத்திகளுக்கு மேல் நிழல்வலையை இரட்டையாக்கினான். மங்கிய ஒளியில் கன்றுகள் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டின. மாதத்துக்கு மாதம் கோட்டை நெருங்கின. தண்டு மட்டும் ஈர்க்குச்சியாகவே இருந்தது. இலை அகன்று, மெலிந்து, தொட்டால் கசங்கியது.

நான்காம் பாத்தி ஜோமிலினின் பொறுப்பு. அவள் அதற்கு நேர்மாறாகச் செய்தாள். ஒற்றை வலையை ஒற்றையாகவே விட்டாள். சில வாரங்களுக்குப்பின் காலை ஒன்பது மணிவரை அதையும் சுருட்டினாள்; பிறகு பத்து, பிறகு பதினொன்று. அவளுடைய கன்றுகள் முப்பத்தெட்டில் நின்றுவிட்டன. தண்டு சுண்டுவிரல் பருமன். இலை சிறியது, தோல் போன்று தடித்தது.

"என்ன அண்ணி, உங்க பிள்ளைங்க எல்லாம் குள்ளமாவே நிக்குதுங்க?" என்றான் பியானுஸ், கோலைத் தோளில் சாய்த்தபடி.

"உன் பிள்ளைங்க ஊதினா விழுதுங்களே, அத முதல்ல பாரு."

"ஆய்வாளரு ஊதிப் பாக்க வரல அண்ணி, அளந்து பாக்க வர்றாரு."

"அவரு அளந்துட்டு வண்டியில ஏறிப் போயிருவாரு. மலை மேல நிக்கப்போறது யாரு, அவரா?"

உடன் வேலை செய்த ரிஸ்லின் சிரித்தாள். "பியானுஸ் அண்ணன நட்டுப் பாப்போம் அக்கா. நல்ல உயரந்தான். ஒரு வெயில் தாங்குவாரான்னு தெரியல."

"ரெண்டு பேரும் சேந்து என் வேலைக்கு உலை வச்சிருங்க. சொல்றதக் கேளுங்க அண்ணி, இன்னொரு வலையப் போடுங்க."

"போடமாட்டேன்" என்றாள் ஜோமிலின். அத்துடன் பேச்சு முடிந்தது.

மே மாத இறுதியில் அறுவடைத் திருநாளான காமாத்தான் வந்தது. ஆய்வுக்கு நான்கு நாள்களே இருந்தன. ஆண்டுதோறும் திருநாள் பந்தலுக்கு நாற்றங்காலின் நிழல்வலையைத்தான் இரவல் வாங்குவார்கள். அந்தப் பருவத்தில் பாத்திகள் வெறுமையாக இருப்பதே வழக்கம். எவரும் இருமுறை யோசித்ததில்லை. இவ்வாண்டு பாத்திகள் நிறைந்திருந்தன. விடியலில் வலை கேட்டு வந்தவர்களிடம், வானம் மூடியிருக்கிறது, எடுத்துப்போகலாம் என்று பியானுஸ் சம்மதித்துவிட்டான். ஜோமிலின் அப்போது ஊர்க்கூடத்தின் பின்கட்டில், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பதற்காக மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

நண்பகலில் பந்தலின்கீழ் அமர்ந்தாள். அரிசிக் கள் நிறைந்த ஜாடிகள் வரிசையாக நின்றன. வெண்கலத் தாளங்கள் முழங்கின. மேகம் கலைந்து வெயில் அடித்தது. அவளுடைய தட்டில் இருந்த சோற்றின்மீது கட்டம் கட்டமாக நிழல் விழுந்தது. நடுவே கோணலாக ஒரு தையலின் நிழல். அண்ணாந்து பார்த்தாள். பச்சைத் தூண்டில் நரம்பால் தைத்த கிழிசல். இரண்டாம் பாத்தியின் வலையில் அவளே போட்ட தையல் அது.

தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"பந்தலப் பிரிங்க!"

"என்ன அக்கா, இன்னும் ஒரு ஜாடி கூடக் காலியாகல!" என்றான் ஒருவன்.

"தலையில துண்டப் போட்டுக்கிட்டுக் குடி. உனக்கு வேர்க்கும், அவ்வளவுதான். அங்க கன்னு சாவுது!"

எவரும் அசையாததைக் கண்டு, தானே மூங்கில் காலைப் பிடுங்கினாள். வலை ஒருபுறம் சரிந்து, கள் உறிஞ்சிக்கொண்டிருந்த ஊர்த்தலைவரின்மேல் விழுந்தது. அவர் வலைக்குள்ளிருந்தே, "அவ சொல்றதச் செய்ங்கடா!" என்று கத்தினார். அதன்பிறகு ஊரே வலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

மூன்று பாத்திகளிலும் இலைகள் வெளுத்துத் துவண்டிருந்தன. பாதி நுனிகள் கவிழ்ந்துவிட்டன. நான்காம் பாத்தி மட்டும், அதன் வலையும் பந்தலுக்குப் போயிருந்தும், ஒன்றும் நடவாததுபோல், நிமிர்ந்து நின்றது. பியானுஸ் கருகிய இலை ஒன்றைக் கையில் வைத்தபடி குந்தியிருந்தான்.  ஜோமிலின் அவனிடம் தண்ணீர்க் குழாயை நீட்டினாள்.

நான்காம் நாள் ஆய்வாளர் வந்தார். நம்பத்தகாதது நிகழ்ந்தது என்று எழுத விரும்புகிறேன். ஆயினும் நிகழ்ந்தது முற்றிலும் நம்பத்தக்கதே. வெளுத்து, நுனி கவிழ்ந்த கன்றுகளை அவர் விரலால் நிமிர்த்திக் கோலை வைத்தார். நாற்பத்தாறு, தேர்ச்சி. நாற்பத்தேழு, தேர்ச்சி. ஜோமிலினின் பாத்தியில் ஒரு கன்றும் கோட்டைத் தொடவில்லை. அறுநூறும் கழிவு.

"ஐயா, தண்டப் புடிச்சுப் பாருங்க" என்றாள்.

"படிவத்துல தண்டுக்குக் கட்டம் இல்லம்மா."

"சரி. கழிச்சத என்ன செய்யணும்னு போட்டிருக்கா?"

அவர் தாளைப் புரட்டினார். "நாற்றங்கால விட்டு வெளியேத்தணும்."

"வெளியேத்தி எங்க வைக்கணும்னு?"

"அது இல்ல" என்றார். கையெழுத்திட்டுவிட்டுப் புறப்பட்டார்.

வண்டியின் புழுதி அடங்குமுன் ஜோமிலின் பிரம்பு முதுகுக்கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ரிஸ்லின், கூடை இருக்கிறவங்க எல்லாரையும் கூப்பிடு. வெளியேத்தச் சொல்லிட்டாரு, வெளியேத்துவோம்."

இரண்டு நாள் சுமந்தார்கள். கூடைக்கு இருபது கன்று, செங்குத்தான ஏற்றம், சாம்பல் படிந்த மண். முதல்நாள் பதினொரு பெண்கள். மறுநாள் ஊர்த்தலைவர் தம் பேரப்பிள்ளைகளுடன் வந்தார். எல்லோருக்கும் பின்னால், கூடையும் மூங்கில் கோலுமாகப் பியானுஸ் ஏறிவந்தான்.

"பாஸான கன்னையெல்லாம் அடுத்த வாரமே நடணுமாம் அண்ணி."

"நட்டா செத்துரும். ஒத்த வலைக்குக் கீழ வை. புதுத் தளிர் விடட்டும். வெயில் காட்டிப் பழக்கி, அப்புறம் ஏத்துவோம்."

"கேட்டா என்ன சொல்றது?"

"உயரம் குறையலன்னு சொல்லு. அதத்தான கேப்பாங்க."

அவன் கூடையை இறக்கிவைத்தான். "வலையக் குடுத்தது நான்தான் அண்ணி."

"தெரியும். குழி தோண்டு."

மாலைக்குள் கடைசி வரிசையும் முடிந்தது. நட்ட இடம் கொடிக்குள் மறைந்துவிடாமலிருக்க வரிசையின் முனையில் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஜோமிலின் பியானுஸின் கோலை வாங்கி மண்ணில் ஊன்றி, கல்லால் ஓங்கி அடித்தாள். சிவப்புக் கோடு மண்ணுக்குள் இறங்கும்வரை அடித்தாள். பிறகு, முதல்நாள் நட்ட வரிசைக்குப் போய்க் கன்று ஒன்றின் இலையைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு முழுப்பகல் வெயிலைக் கண்ட இலை. அது வாடவில்லை.